பாரம் எங்கே இறங்குகிறது?

(ஓவியம் பழகுவோம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்)

மனித உருவம் வரைவதில் என்ன சிக்கல் என்று எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல் ஒரே குறைதான் இருந்தது. எல்லாம் சரியாகப் போட்டும் உருவத்தில் உயிர் இல்லை என்கிறார்கள். அதனால் அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டு கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

முட்டை, உருளை, பெட்டி என்று அடிப்படை வடிவங்களைப் போட்டுத்தான் உருவம் வரைகிறேன். முகம் நன்றாக வருகிறது. உடம்பு மட்டும் கடையில் துணி மாட்டி வைத்திருக்கும் பொம்மை மாதிரி விறைத்து நிற்கிறது. எங்கே தப்புகிறேன்?
(பாலிடெக்னிக் மாணவர், திண்டுக்கல்)

தம்பி, நீங்கள் அனுப்பிய 4 படங்களையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். முட்டை சரி, உருளை சரி, அளவும் பெரிதாகத் தப்பவில்லை. ஆனால் 4 பேருமே இரண்டு காலிலும் சரிபாதி பாரம் போட்டு, தோளும் இடுப்பும் மட்டப்பலகை வைத்த மாதிரி நிற்கிறார்கள். பரேடு மைதானத்துக்கு வெளியே அப்படி யாரும் நிற்பதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் பாருங்கள். ஒரு காலில் நிற்பார், இன்னொரு கால் சும்மா துணைக்கு இருக்கும்.

எனக்கு இது புரிந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. 1978இல், 16 வயதில், சென்னையில் ஒரு சினிமா பேனர் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தேன். போட்டோவில் பென்சிலால் சிறு கட்டம் போடுவோம். துணியில் அதே கணக்கில் பெரிய கட்டம் போடுவோம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் என்ன கோடு போகிறதோ அதைப் பார்த்துப் பெரிதாக்கினால் 20 அடி கதாநாயகன் எழுந்து நிற்பார். இரண்டு வருடத்தில் எனக்கு அது கைவந்துவிட்டது. ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருந்த மாஸ்டர், வாசலில் நின்றிருந்த மீன்பாடி வண்டிக்காரரைக் காட்டி, “அவரைப் போடுடா” என்றார். கையில் சாக்பீஸ், கீழே சிமெண்டுத் தரை, கட்டம் கிடையாது. நான் தலையிலிருந்து ஆரம்பித்தேன். மூக்கு, மீசை, தலையில் கட்டிய துண்டு. கழுத்துக்கு வருவதற்குள் வண்டிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மாஸ்டர் திட்டவில்லை. சாக்பீஸை வாங்கி என் படத்துக்குப் பக்கத்தில் 4 கோடு போட்டார். தலை உச்சியிலிருந்து இடுப்பு வழியாக இறங்கும் ஒரு வளைவு. தோளுக்கு ஒரு சாய்கோடு. இடுப்புக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த இன்னொரு கோடு. இடுப்பின் உயர்ந்த முனையிலிருந்து தரைவரைக்கும் ஒரே இழுப்பாக ஒரு கால். அவ்வளவுதான். கண் இல்லை, மீசை இல்லை. ஆனால் போன வண்டிக்காரர் அந்தத் தரையில் நின்றுகொண்டிருந்தார். “பாரம் எங்க இறங்குதுன்னு பாத்தியா?” என்று மட்டும் கேட்டார். இன்றுவரை ஒரு ஆளைப் பார்த்ததும் என் மனதில் முதலில் எழுகிற கேள்வி அதுதான்.

இதை உங்கள் உடம்பிலேயே பார்த்துக்கொள்ளலாம். நிலைக்கண்ணாடி முன் நின்று, பாரம் முழுவதையும் வலது காலில் போட்டு, இடது முழங்காலைத் தளர்த்துங்கள். இரண்டு இடுப்பெலும்பின் மேலும் விரலை வையுங்கள். வலது பக்கம் மேலே போயிருக்கும், இடது பக்கம் இறங்கியிருக்கும். தோளைப் பாருங்கள். இடுப்பு உயர்ந்த வலது பக்கத்தில் தோள் இறங்கியிருக்கும். இரண்டு கோடுகளும் ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் விரியும். நெருங்கின பக்கத்தில் விலாச்சதை மடியும், விரிந்த பக்கத்தில் இழுபடும். உங்கள் பொம்மைக்கு வேண்டியிருந்தது இதுதான்.

அப்புறம் ஒரு சோதனை. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற தூக்குக்குண்டு தெரியுமல்லவா? ஒரு நூலில் சின்னக் கல்லைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு காலில் பாரம் போட்டு நிற்பவரை நேர் எதிரே நின்று பார்த்து, நூலை அவருடைய தொண்டைக்குழிக்கு நேராகப் பிடியுங்கள். கல் போய் நிற்கும் இடம், பாரம் தாங்குகிற காலின் கணுக்கால் பக்கமாக இருக்கும். படத்திலும் தொண்டைக்குழியிலிருந்து ஒரு நேர்கோடு இறக்கிப் பாருங்கள். அது இரண்டு பாதத்துக்கும் வெளியே போனால் அந்த ஆள் விழப்போகிறார் என்று அர்த்தம். ஓடுபவர், தள்ளுபவர், தடுக்கி விழுபவர் என்றால் கோடு வெளியே போகத்தான் வேண்டும். சென்னை வரும்போது மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் சுற்றி நடந்து பாருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தார்கள். பாறையைப் பெயர்க்கும் 4 பேரில் ஒருவர்கூட தன் காலில் நிம்மதியாக நிற்கவில்லை. பாரம் முழுவதும் அந்தக் கல்மேல் போகிறது. முகத்தை மறைத்துக்கொண்டு பார்த்தாலும் உழைப்பு தெரியும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். ஒரு மாதம் முகமே வரையாதீர்கள். தலைக்கு ஒரு முட்டை போதும். தினமும் 20 ஆட்கள், ஆளுக்கு 1 நிமிடம். முதலில் வளைவு, பிறகு தோள், இடுப்பு, பாரக் கால். நேரம் மிச்சமிருந்தால் கைகள். முட்டையும் உருளையும் பெட்டியும் அதற்கு மேல்தான் ஏற வேண்டும். நீங்கள் பெட்டியிலிருந்து ஆரம்பித்து உயிரைத் தேடுகிறீர்கள், அதனால்தான் கிடைக்கவில்லை.

எந்தப் பென்சில், எந்தப் பேப்பர் வாங்குவது? கடையில் பெரிய செட்டாகக் காட்டுகிறார்கள்.
(வாசகி, காரைக்கால்)

செட் வேண்டாம் அம்மா. ஒரு 2பி, ஒரு 6பி போதும். பேப்பர் மலிவானதாக இருக்கட்டும். ஒரு பக்கம் அச்சான தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. விலை அதிகமான தாளில் கை பயப்படும். வீட்டில் பால்பாயிண்ட் பேனா இருந்தால் வாரத்தில் 2 நாள் அதில் வரையுங்கள். அழிக்க முடியாது என்று தெரிந்தால் கண் நிதானமாகப் பார்க்கும்.

எனக்கு 42 வயது. சின்ன வயதில் வரைந்ததோடு சரி. கோலம் மட்டும் தினமும் போடுகிறேன். இனிமேல் உருவம் வரையக் கற்றுக்கொள்ள முடியுமா?
(குடும்பத் தலைவி, கும்பகோணம்)

முடியும் என்று ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உங்கள் கையில் பாதி வித்தை ஏற்கெனவே இருக்கிறது. என்னிடம் வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்கப் போராடுவது, மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு சின்னச் சின்னக் கோடாகக் கீறாமல், தோளிலிருந்து கையை அசைத்து நீளமாக இழுப்பதைத்தான். நீங்கள் குனிந்து நின்று, கையை எங்கும் ஊன்றாமல், புள்ளியைச் சுற்றி ஒரு கோட்டைத் தயங்காமல் கொண்டுபோய்த் தொடங்கின இடத்திலேயே சேர்க்கிறீர்கள். 2 புள்ளிக்கு நடுவில் எவ்வளவு இடம் என்பதைக் கண்ணாலேயே அளக்கிறீர்கள். உருவம் வரையவும் இந்த இரண்டும்தான் வேண்டும்.

அதனால் சின்ன நோட்டுப் புத்தகத்தில் தொடங்காதீர்கள். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டு, கரித்துண்டால் பெரிதாக வரையுங்கள். முதலில் வீட்டில் வேலை செய்பவர்களின் முதுகுக் கோட்டை மட்டும் வரையுங்கள். கழுத்தெலும்பிலிருந்து இடுப்புவரைக்கும் ஒரே இழுப்பு. துணி காயப்போடுபவரின் முதுகு ஒரு மாதிரி வளையும், அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தவரின் முதுகு வேறு மாதிரி வளையும். அந்தக் கோடு பழகினபின் மற்றதெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இருக்கிற வாய்ப்பைப் பார்த்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. பக்கத்திலேயே சுவாமிமலை. அங்கே ஸ்தபதிகள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு என்று பங்கு பிரிப்பார்கள். அந்த ஓலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் மெழுகில் உருவம் பிடிக்கிறார்கள். பாரபட்சமில்லாத அளவுகோல் அது. சிலை சின்னதானால் ஓலையும் சின்னது, பங்கு மட்டும் மாறாது.

ஒரு நாள் ஒதுக்கித் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கும் போய்விட்டு வாருங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், காளையை வாகனமாகக் கொண்ட சிவன், அங்கே இருக்கிறார். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி. ஒரு காலில் பாரம், மற்றக் கால் அதன் குறுக்காகத் தளர்ந்து நிற்கிறது. ஒரு கை, பக்கத்தில் நிற்கும் காளைமேல் சாய்ந்திருக்கிற பாவனை. காளை இப்போது அங்கே இல்லை. ஆனால் அந்த முழங்கையைப் பாருங்கள், தோள் இறங்கியிருக்கும் விதத்தைப் பாருங்கள், காளையின் உயரம் என்ன என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். நான் முதல்முறை பார்த்தபோது 2 மணி நேரம் நின்றேன். சிற்ப நூல்கள் இந்த வளைவுகளுக்குப் பெயரே வைத்திருக்கின்றன. நேராக நின்றால் சமபங்கம், லேசாக ஒடிந்தால் ஆபங்கம், 3 இடத்தில் ஒடிந்தால் திரிபங்கம். உங்கள் வீட்டில் இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு நிற்கிறவரைப் பாருங்கள். குடம் இருக்கும் பக்கம் இடுப்பு தள்ளும், மேலுடம்பு எதிர்ப்பக்கம் சாயும், தலை மறுபடி நிமிரும். 3 வளைவு கண்முன்னே நிற்கும்.

மேல்நாட்டு முறையில் ஆள் உயரம் 7½ தலை, 8 தலை என்கிறார்கள். சிற்ப முறையில் 9 தாலம், 10 தாலம் என்று படித்தேன். எதைப் பின்பற்றுவது?
(சித்திரப் பாட மாணவி, மட்டக்களப்பு)

நல்ல கேள்வி, தங்கச்சி. இரண்டும் சண்டை போடவில்லை. அளக்கிற கோல்தான் வேறு. தலை என்பது உச்சியிலிருந்து தாடைவரை. தாலம் என்பது முகம், அதாவது முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடைவரை. அந்த முகத்தை 12 பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்கு அங்குலம் என்று பெயர். நம் ஸ்கேலில் இருக்கும் அங்குலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆளுக்கு ஆள், சிலைக்குச் சிலை மாறும்.

நவதாலம், அதாவது 9 தாலக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். முகம் 12, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 12, மார்பிலிருந்து தொப்புள் 12, தொப்புளிலிருந்து தொடை பிரியும் இடம் 12, தொடை 24, முழங்கால் 4, கீழ்க்கால் 24, பாதத்தின் உயரம் 4. மொத்தம் 108. இது முடி தொடங்கும் இடத்திலிருந்து எண்ணியது. அதற்கு மேல் உச்சிவரை 3 அங்குலம் சேர்த்தால் தலை 15 ஆகும், உயரம் 111 ஆகும். 111ஐ 15ஆல் வகுத்தால் 7.4. அதாவது ஏறக்குறைய உங்கள் மேல்நாட்டு ஏழரைத் தலை! இரண்டு மூலைகளில் இரண்டு வகையாக அளந்தும் ஒரே உடம்பில்தான் வந்து நின்றிருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தச தாலம், அதாவது 10 தாலம், தெய்வ உருவங்களுக்கு. உத்தம தச தாலம் 124 அங்குலம், மத்தியம தச தாலம் 120. உயரம் கூடக்கூட உருவம் நம் வரிசையிலிருந்து விலகிப் போகும். பிள்ளையாருக்கு 5 தாலம், குழந்தையின் குட்டை உடம்பு. 8 தலையும் அப்படித்தான், கொஞ்சம் உயர்த்திக் காட்டுகிற அளவு. கதாநாயகனுக்கு 8 போடலாம், கடைவீதியில் நிற்பவருக்கு 7½ போடுங்கள், ஒரு வயதுக் குழந்தைக்கு 4 போதும்.

தேர்வுக்கு வரையும்போது இவ்வளவும் நினைவில் வைக்க முடியாது. 2 அடையாளம் போதும். நிற்கும் ஆளின் நடுப்பாதி இடுப்பில் இல்லை, தொடை பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து கீழே உள்ளதை மறுபடி பாதியாக்கினால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும். பெரும்பாலான மாணவர்கள் காலைக் குட்டையாகப் போடுவது இந்த நடுப்பாதியைத் தொப்புளில் வைப்பதால்தான். கையைத் தொங்கவிட்டால் முழங்கை இடுப்பு ஒடுங்கும் இடத்துக்கு நேரே, மணிக்கட்டு தொடை பிரியும் இடத்துக்கு நேரே, விரல் நுனி நடுத்தொடையில்.

பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போடப் பழகுகிறேன். சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவரை வரைந்தால் ஒன்று குள்ளமாகிறார், இல்லை முண்டம் மட்டும் தனியே நீண்டுவிடுகிறது. புடவை என்றால் இன்னும் மோசம்.
(வாசகி, தாம்பரம்)

இதற்கு எந்தப் புத்தகமும் எனக்கு உதவவில்லை. கடையில் கிடைத்த உருவப் பயிற்சிப் புத்தகங்களில் எல்லோரும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நம் கதைகளில் வரும் பாட்டி திண்ணையில் காலை நீட்டியிருப்பார், மாப்பிள்ளை பாயில் சம்மணமிட்டிருப்பார், தோட்டக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். தொடக்க காலத்தில் ஒரு வார இதழுக்கு நான் வரைந்துகொடுத்த பந்திப் படம் திரும்பி வந்தது. “இலைக்கு முன்னால பாதி உடம்பு புதைஞ்சு கிடக்குதே” என்று ஆசிரியர் சொன்னார். அவர் சொன்னது உண்மை. உட்கார்ந்தவர்களின் பாரம் தரையில் எங்கே படுகிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

அன்றைக்கு வீட்டில் நூல் வைத்து அளந்தேன். நிற்கும்போது ஏழரைத் தலை உயரம் உள்ளவர், தரையில் சம்மணமிட்டால் தரையிலிருந்து உச்சிவரை 4 தலைக்கு ஒரு நூல் குறைவாக இருப்பார். ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால்வரை 3 தலைக்குக் கொஞ்சம் கூடுதல். இந்த இரண்டையும் வைத்து ஒரு முக்கோணம் போடுங்கள். அடி அகலம், உச்சியில் தலை. அந்த முக்கோணத்துக்குள் ஆளை வைத்தால் குள்ளமாகமாட்டார், புதையவுமாட்டார். பாரம் இறங்கும் இடம் பின்தட்டு. அது தரையைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். முழங்கால்கள் பல பேருக்குத் தரையைத் தொடாது, அந்த இடைவெளியை விட்டுவிடுங்கள். கூன் போட்டு உட்காருபவருக்கு இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து, அடிவயிறு மடிந்து, தலை முன்னால் வரும்.

புடவைக்கு வருவோம். துணியைத் தனியாக வரையாதீர்கள். உடம்பைப் போட்டுவிட்டு, துணி எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது, எங்கே இழுபடுகிறது என்று புள்ளி வையுங்கள். நிற்கும் பெண்ணுக்கு 2 இடம். இடது தோளில் முந்தானை, இடுப்பில் செருகின கொசுவம். மடிப்புக் கோடுகள் எல்லாம் அந்த 2 புள்ளியிலிருந்து கிளம்பும். முந்தானைக் கோடுகள் தோளிலிருந்து விசிறியாக விரிந்து வலது இடுப்பை நோக்கிப் போகும். கொசுவம் நேராக இறங்கிப் பாதத்தில் முட்டிச் சற்று உடையும். உட்கார்ந்தால் 2 முழங்காலும் புதிதாக 2 புள்ளிகள். அவற்றுக்கு நடுவில் துணி தொட்டில் மாதிரி தொங்கும். இந்த 4 புள்ளிகளைக் கண்டுபிடித்தால் 10 கோட்டில் புடவை முடிந்துவிடும். 40 கோடு போட்டால் துணி மூட்டையாகும். மடித்துக் கட்டின வேட்டிக்கும் இதே வழிதான். முடிச்சு இருக்கும் இடத்தைப் பிடியுங்கள்.

கை விரல்கள் வரவே இல்லை. அதனால் என் படங்களில் எல்லோரும் கையைப் பின்னால் கட்டியிருக்கிறார்கள்.
(வாசகர், கோவில்பட்டி)

இன்றோடு கையை முன்னால் எடுத்துவிடுவோம். அளவு முதலில். உங்கள் உள்ளங்கையின் அடியைத் தாடையில் வைத்து முகத்தோடு ஒட்டிப் பாருங்கள். நடுவிரல் நுனி நெற்றியில், முடிக்குப் பக்கத்தில் நிற்கும். அவ்வளவு பெரியது கை. பயத்தில் நாம் எல்லோரும் சின்னதாகப் போட்டுவிடுகிறோம்.

விரல்களை எண்ணி வரையாதீர்கள். உள்ளங்கை ஒரு தட்டையான பெட்டி. 4 விரலையும் சேர்த்து ஒரே துண்டாக, முட்டியில் மடிகிற பலகையாக முதலில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் தனி, அது பெட்டியின் பக்கவாட்டிலிருந்து வேறு திசையில் கிளம்பும். இந்த 3 துண்டும் சரியான கோணத்தில் உட்கார்ந்தபின் பலகையை 4ஆகக் கீறினால் போதும். முட்டிகள் நேர்கோட்டில் இருக்காது, வில் மாதிரி வளைந்திருக்கும்.

சும்மா விரித்த கையை வரைவதுதான் கடினம். ஏதாவது செய்யும் கையை வரையுங்கள். எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அம்மாவின் கையை நான் ஒரு வாரம் வரைந்தேன். இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் 2 ஜோடி மல்லிகையை எதிரும் புதிருமாக அழுத்திப் பிடித்திருக்கும். வலது கை நாரைச் சுற்றிக்கொண்டு வந்து ஒரு சுண்டு சுண்டும். சுண்டும்போது சுண்டுவிரல் தானாக விலகி நிமிரும். நாள் முழுக்க அதே அசைவு திரும்பத் திரும்ப வருவதால் விட்ட கோட்டை அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். எங்கே விரல் அழுத்துகிறதோ அங்கே கோட்டை அழுத்திப் போடுங்கள், மற்ற இடத்தில் லேசாக விடுங்கள். அந்த 2 விரல் நுனியில்தான் அந்தக் கையின் பாரம் முழுவதும் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வரைந்தால் முறைக்கிறார்கள். பெண் என்பதால் இன்னும் சங்கடம். எங்கே போய்ப் பழகுவது?
(கல்லூரி மாணவி, ஈரோடு)

சங்கடப்பட்டு வரைய வேண்டாம் மகளே. முகம் தெரிகிற தூரத்தில் வரைந்தால்தான் முறைப்பார்கள். உங்களுக்கு இப்போது முகம் வேண்டாமே. எதிர்ச் சாரியிலிருந்து, மாடியிலிருந்து, ஓடும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து வரையலாம். டீக்கடை மாஸ்டர், இஸ்திரி போடுபவர், கட்டடத்தில் சிமெண்டுச் சட்டி கைமாற்றுகிறவர்கள், இவர்கள் எல்லாம் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் நல்ல மாடல்கள். யாராவது எட்டிப் பார்த்தால் நோட்டைத் திருப்பிக் காட்டிவிடுங்கள். முக்கால்வாசிப் பேர் சந்தோஷப்பட்டு நிற்பார்கள். விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் அந்தப் பக்கத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள். வீட்டில் கிரிக்கெட் ஓடினால் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பந்து வீச்சாளரை வரையுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.

போனில் இருக்கும் போட்டோமேல் தாள் வைத்து டிரேஸ் எடுப்பது தப்பா?
(வாசகர், நாமக்கல்)

தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டம் போட்டுச் சம்பாதித்த சோறு நான் சாப்பிட்டது. பேனர்க்காரர்கள் கையில் இருந்த நிறமும் துணிச்சலும் பெரிய வித்தை. பிளெக்ஸ் வந்தபின் அந்த வித்தைக்காரர்கள் பட்ட கஷ்டத்தை நேரில் பார்த்தவன் நான். ஆனால் டிரேஸ் எடுக்கும்போது கண் விளிம்பைத்தான் பார்க்கும், உடம்பைப் பார்க்காது. அதனால் இப்படிச் செய்யுங்கள். போட்டோமேல் தாளை வைத்து விளிம்பை விட்டுவிட்டு, தோள் கோடு, இடுப்புக் கோடு, முதுகு வளைவு, பாரக் கால் இவை நான்கை மட்டும் எடுங்கள். போனை மூடிவையுங்கள். அந்த 4 கோட்டின்மேல் ஆளை நீங்களாக ஏற்றுங்கள். பிறகு போனைத் திறந்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. பக்கத்திலிருந்து போனில் எடுத்த படத்தில், கேமராவுக்கு அருகே இருப்பது பெருத்துவிடும். நின்றுகொண்டு ஒரு குழந்தையை எடுத்தால் தலை பூசணிக்காயாகவும் கால் ஈர்க்குச்சியாகவும் விழும். அதை அப்படியே டிரேஸ் எடுத்தால் அந்தக் கோணலும் சேர்ந்து வரும்.

என் 7 வயது மகன் வரையும் மனிதர்களுக்குத் தலை பெரியது, தலையிலிருந்தே கை கிளம்புகிறது. திருத்தட்டுமா?
(தந்தை, மன்னார்குடி)

வேண்டாம் ஐயா. அவனுக்கு எது முக்கியமோ அது பெரிதாகிறது. படம் பற்றிக் கதை கேளுங்கள், தாள் வாங்கிக் கொடுங்கள். அளவு பற்றி அவனே வந்து கேட்கும் நாள் வரும், அன்றைக்குச் சொல்லுங்கள்.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். முகம் தெரியும்படி ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மட்டும்தான் இருக்கிறது. அவர் வாசலில் நிற்பது போல ஒரு முழு உருவப்படம் நானே வரைய வேண்டும் என்று ஆசை. 6 மாதமாகத்தான் பழகுகிறேன். முடியுமா?
(வாசகி, நெய்வேலி)

உங்கள் கடிதத்தை 3 தடவை படித்தேன் அம்மா. முடியும். போட்டோவை மட்டும் இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள். முகத்திலிருந்து தொடங்கினால் அந்த பாஸ்போர்ட் முகம் ஒரு உடம்பில் ஒட்டவைத்தது மாதிரிதான் வரும்.

அவர் எப்படி நின்றார் என்பதைச் சேகரியுங்கள். அம்மாவிடம், சித்தப்பாவிடம், அவரோடு வேலை பார்த்தவர்களிடம் கேளுங்கள். கேட்கும்போது, “அப்பா எப்படி இருப்பார்?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் குணத்தைச் சொல்வார்கள். “அப்பா மாதிரி நின்று காட்டுங்கள்” என்று கேளுங்கள். அம்மா எழுந்து நின்று, ஒரு கையைத் தூணில் வைத்து, ஒரு காலை மடக்கிக் காட்டுவார். அதைப் பார்த்து அந்த இடத்திலேயே 4 கோடு போட்டுக்கொள்ளுங்கள். 3 பேர் நின்று காட்டினால் 3 பேரிடமும் ஒரே சாய்வு திரும்ப வரும். அதுதான் அவர்.

அவருடைய செருப்பு இன்னும் வீட்டில் இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எந்தச் செருப்பு அதிகம் தேய்ந்திருக்கிறது, குதிகாலின் உள்பக்கமா வெளிப்பக்கமா, கட்டைவிரல் பதிந்த பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். என் அப்பா பாரம் சுமந்தவர். அவருடைய வலது செருப்பின் வெளி ஓரம் தாள் மாதிரி ஆகியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவருடைய வலது காலை முதலில் வரைந்தேன். இடுப்பு தானாக ஒரு பக்கம் ஏறியது, இடது தோள் ஏறியது, தலை லேசாகச் சாய்ந்தது. முகம் போடுவதற்கு முன்பே என் தங்கை கதவருகில் நின்று பார்த்து, “அப்பா” என்றாள்.

வாசற்படியின் உயரம், நிலைக்கதவின் உயரம் இரண்டையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவின் தலை கதவில் எந்த இடம்வரை வரும் என்று அம்மாவுக்குத் தெரியும். தரைக் கோட்டையும் கதவையும் போட்டுவிட்டு, பிறகு பாதம், பிறகு பாரக் கால். பெரிய தாளில் வரையுங்கள். இடையில் எங்கே நின்றுபோனாலும் அந்தத் தாளோடு எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.